என் கணவருக்காக மாறிய திருவிருந்து

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் பெயர் ரோஸி. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறேன். என் கணவர் அருளப்பன் போன ஐப்பசியில் இறந்துவிட்டார். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், கடைசியில் அவர் பிழைத்துவிடுவார் என்று காத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் காத்திருந்தேன்.

அவர் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார். நல்ல மனுஷன். ஆனால் சாயங்காலமானால் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் வேண்டும். குடித்தால் அடிக்க மாட்டார், உட்கார்ந்து அழுவார். பிள்ளைகள் இருவரும் வெட்கத்தில் அவரோடு ரோட்டில் நடக்க மாட்டார்கள்.

வேதத்தைச் சொல்லிக் கண்டித்தால், அவரும் வேதத்தையே எடுப்பார். கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசம் ஆக்கினாரே என்பார். வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் குடிக்கச் சொல்லித் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதினாரே என்பார். நான் அடுப்படியில் போய் அழுவேன்.

அவர் இறப்பதற்கு முந்தின வருடம் தை மாதம், இரத்தமாக வாந்தி எடுத்தார். ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் சொன்னார். வாட்டுக்கு வெளியே வெறுந்தரையில் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இவரை முழுசாகக் குணமாக்கும் என்று கேட்டேன்.

அவர் குடியை விட்டார். கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை. ஆனாலும் விட்டார்.

வீடு திரும்பிய பிறகு வந்த முதல் திருவிருந்து. அப்போது எங்கள் சபையில் புளித்த திராட்சரசம்தான் கொடுப்பார்கள். பாத்திரம் எங்கள் வரிசைக்கு வந்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த வாசம் வந்ததும் எனக்கு ஆண்டவர் ஞாபகம் வரல ரோஸி. கசிப்பு ஞாபகந்தான் வருது. அத எப்படி வாயில வைப்பேன்?"

அதன்பின் மலையில் கொழுந்து பறிக்கும்போதெல்லாம் ஒரே ஜெபம்தான். இவர் உம்முடைய பந்தியில் பயமில்லாமல் பங்குபெற வேண்டும் ஆண்டவரே. இதை யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் அவர் கூனிக் குறுகிப்போவார்.

அடுத்த திருவிருந்து வந்தது. பாஸ்டர் எழுந்து நின்றார்.

"இன்னையிலருந்து நம்ம சபையில திராட்சப்பழத்தக் காய்ச்சின புளிக்காத சாறுதான். திராட்சரசத்தத் தொட்டாலே பாவம்னு வேதம் சொல்லல. வெறிகொள்ளக் கூடாதுன்னு சொல்லுது. நம்ம குடிக்கிறதால ஒரு சகோதரன் இடறி விழுவான்னா, குடிக்காம இருக்கிறதே நல்லதுன்னும் சொல்லுது."

யார் பெயரையும் சொல்லவில்லை. மூத்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பாஸ்டர் மாறவில்லை. என் கணவர் இரண்டு கையாலும் பாத்திரத்தை வாங்கிக் குடித்தார். தேம்பித் தேம்பி அழுதார்.

வீட்டுக்கு நடக்கும்போது, வேதத்தில் தனக்குப் பிடித்த இடத்தை மட்டும் இத்தனை வருஷம் வாசித்துவிட்டதாகச் சொன்னார்.

பிறகொரு நாள், உங்களிடம் யார் சொன்னது என்று பாஸ்டரைக் கேட்டேன். யாரும் சொல்லவில்லை, ஜெபம்பண்ண உட்காரும்போதெல்லாம் அவர் எழுந்துபோன அந்தக் காலி இடமே கண்முன் நின்றது என்றார். என் உடம்பு சிலிர்த்தது.

பிள்ளைகள் அப்பாவிடம் வந்தார்கள். ரயில் பார்க்க நானுஓயாவுக்குக் கூட்டிப்போனார். கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்க்கவே என் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.

ஆனால் ஈரல் ஆறவில்லை. வயிறு வீங்கியது, கண் மஞ்சளானது. சுகத்துக்காக நான் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே, என் கைக்குள் இருந்த அவர் கை குளிர்ந்துவிட்டது.

எங்கள் தோட்டங்களில் குழி வெட்டுகிறவர்களுக்குச் சாராயம் கொடுப்பது வழக்கம். அவருடைய தம்பி சேவியர் என்னிடம் வந்தார்.

"அண்ணி, அவங்களுக்குப் போத்தல் குடுக்காம எப்படி? ஊருல என்ன சொல்லுவாங்க?"

"உங்க அண்ணன் விட்டத அவர் குழிக்கு நான் வாங்கிக் குடுக்க மாட்டேன் தம்பி. பிளேன்டீ ஊத்தித் தாறேன். வெட்ட ஆள் வரலன்னா நானே வெட்டுறேன்."

சேவியர் மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். நான் கொடுத்தனுப்பிய பிளேன்டீயைக் குடித்துவிட்டு, என் கணவரை மரியாதையாக அடக்கம் செய்தார்கள்.

ஏன் சுகம் தரவில்லை என்று இன்றைக்கும் ஆண்டவரிடம் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் கொண்டுபோவதற்கு முன், கசிப்பு பறித்துவைத்திருந்த என் புருஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அதற்காகச் சாகும்வரை நன்றி சொல்வேன்.

இதே கண்ணீர் உள்ள வீடுகள் நம் தோட்டத்து லயங்களில் எத்தனையோ. அக்கா, தங்கச்சி, வாய்விட்டுச் சொல்ல முடியாததையும் அவரிடம் சொல்லுங்கள். நான் இன்னும் அழுகிறேன். அவர் கேட்கிறார் என்று தெரிந்து அழுகிறேன்.