பித்தளைத் தகட்டில் எழுதியிருந்த பெயர்

1. ஜன்னல் அட்டைக்கு அடியில்

வெக்ஸ்போர்ட்டில் குணம் அண்ணையின் பிறேம் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது கிழிந்த தாளை எப்படி ஒட்டுவது என்றுதான். அதைப் பழகிக்கொள்ளலாம். நான் சொல்ல நினைப்பது வேறு. ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு படத்தைக் கழற்றியவுடன் கையிலிருந்த மெல்லிய ஸ்பற்றுலாக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இனி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அந்தக் கதைதான் இது.

படங்களைக் கொண்டுவந்தவர் மிஸ்டர் ரொக்கோ. எழுபது தாண்டிய இத்தாலியர். வாழ்நாள் முழுதும் வீடுகளுக்குக் கொங்கிறீற் ஊற்றியவர். இத்தாலியிலிருந்து அவருடைய தகப்பனார் கொண்டுவந்த நான்கு படங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சில் அடித்துக் கையால் வர்ணம் தீட்டியவை. நாலிலும் ஒரே ஆள். ஓபரா ஒன்றின் நாயகன். எதிரி வீட்டுப் பெண்ணைக் காதலித்து, கடைசிக் காட்சியில் பாடிக்கொண்டே உயிரை விடுகிறவனாம். ஒன்றில் வேட்டை உடையில் நிற்கிறான். ஒன்றில் முகமூடி கையில். மூன்றாவதில் சிவப்பு மேலங்கியோடு ஒரு கையை உயர்த்திப் பாடுகிறான். நாலாவதில் நெஞ்சைப் பிடித்தபடி சரிகிறான்.

"இது என் கொள்ளுத்தாத்தா" என்றார் ரொக்கோ. பாட்டனார் காலம் தொட்டு வீட்டில் சொல்லிவந்த கதை அது. கொள்ளுத்தாத்தா பெரிய பாடகர், இந்த நாயகனாக அவர் நடித்தபோது வரைந்த படங்கள் இவை. தமக்கை இத்தாலியிலிருந்து வருகிறா, குடும்பம் முழுவதும் கூடுகிறது, அதற்கு முன்னர் படங்கள் புது பிறேமில் சுவரில் இருக்கவேண்டும் என்றார். கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் அதன்கீழ் 'பாடகர்' என்றும் வெட்டிய பித்தளைத் தகடு ஒன்றையும் தந்தார். அதை பிறேமில் நான் அடிக்கவேண்டும்.

படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஜன்னல் வெட்டி வைக்கும் அட்டையை மாற்போர்ட் என்போம். பழைய மாற்போர்டின் ஜன்னலைப் படத்தின் ஓரம் மறையும்படி நெருக்கி வெட்டியிருந்தார்கள். அதை எடுத்தபோது, நாயகனின் காலடிக்குக் கீழே இரண்டு வரி அச்செழுத்து வெளியே வந்தது. பாத்திரத்தின் பெயர், அரங்கின் ஊர், பாடகரின் பெயர். தகட்டில் இருந்த பெயர் அங்கே இல்லை. மற்ற மூன்றையும் கழற்றினேன். நாலிலும் வேறு யாரோ ஒருவரின் பெயர்தான்.

2. குணம் அண்ணை சொன்னது

குணம் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. பார்க்டேலில் ஒரே கட்டிடத்தில் குடியிருந்த காலத்திலிருந்து தெரியும். எனக்கு வேலை தந்ததும், பழுதான காகிதப் படங்களைச் செப்பனிடும் படிப்புக்கு என்னை அனுப்பியதும் அவர்தான்.

"றீற்றா, பழையபடி நெருக்கி வெட்டி மூடிவிடும்" என்றார். "அந்தாள் உந்த எழுத்தை ஒருநாளும் கண்டதில்லை. கேட்கவுமில்லை. எழுபது வயசிலை அவரின்ரை மனசை உடைச்சு எங்களுக்கு என்ன வரப்போகுது?"

"மூடுறது ஒண்டு அண்ணை. பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு அந்தத் தகட்டை என்ரை கையாலை அடிக்கச் சொல்லுறியள். அது என்னாலை ஏலாது."

நானே ரொக்கோவுக்குப் போன் எடுத்தேன்.

அவர் வந்தார். படங்களை மேசையில் பரப்பி, எழுத்தைக் காட்டினேன். குனிந்து வாசித்தார். கழுத்து சிவந்தது. தன் தகப்பன் பொய் சொல்லுகிற மனிதரல்ல என்றார். பிறேம் போடக் கேட்டேனே தவிர, என் குடும்பத்தை விசாரிக்கக் கேட்கவில்லை என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் தகட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். அது வேண்டுமென்றால் அவரே அடித்துக்கொள்ளலாம், நான் அடிக்கமாட்டேன் என்றேன். அவர் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் முழுவதும் எனக்கு உள்ளுக்குள் பயம்தான். சரியான காரியத்தைத்தான் செய்தேனா, அல்லது என் பிடிவாதத்துக்காக ஒரு வயதானவரை அவமானப்படுத்தினேனா என்று நினைத்து நினைத்து வேலை ஓடவில்லை.

3. படத்தின் பின்பக்கம்

தொடங்கின வேலையைப் பாதியில் விட முடியாது. நாலு படமும் மட்டமான பழுப்பு அட்டையில் ஒட்டியிருந்தன. அந்த அட்டையின் அமிலம் தாளைத் தின்றுகொண்டிருந்தது. அதை அகற்றுவதற்கு ரொக்கோ முதல் நாளே சம்மதம் தந்திருந்தார்.

தண்ணீரில் ஊறவைத்தால் அட்டை சுலபமாகக் கழன்றுவிடும். ஆனால் கை வர்ணம் தீட்டிய படத்தை அப்படி நனைக்கக்கூடாது. ஒவ்வொரு நிறத்தையும் ஈரப் பஞ்சால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். பச்சை அசையவில்லை. மேலங்கியின் சிவப்பு பஞ்சில் ஏறியது. நனைத்திருந்தால் நாயகன் முழுவதும் சிவப்பாகியிருப்பான். ஆகவே படத்தைக் கவிழ்த்து வைத்து, அட்டையை நனைக்காமல் படை படையாக உரித்தேன். கடைசி மெல்லிய படைக்கு மட்டும் கெட்டியான பசை பூசி, அந்தச் சிறு ஈரத்தில் இளகவிட்டு வழித்தேன். ஒரு படத்துக்கு ஒரு நாள் போயிற்று.

மூலைகளில் ஊசித் துளைகள் இருந்தன, ஒன்றிரண்டல்ல. பலமுறை குத்திக் கழற்றிய துளைகள். வீட்டுச் சுவரில் அழகுக்கு மாட்டியிருந்த படத்தை இப்படி அடிக்கடி கழற்றமாட்டார்களே என்று யோசித்தேன். மூன்றாவது படத்தை, அந்தச் சிவப்பு மேலங்கிக்காரனை, வழித்தபோது பின்பக்கம் பென்சில் எழுத்துத் தெரிந்தது. இலக்கங்கள், இலக்கங்களுக்குப் பக்கத்தில் இத்தாலியச் சொற்கள், அடியில் ஒரு கையெழுத்து. எனக்கு இத்தாலியன் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்தில் இருந்த பெயரை நான் பித்தளைத் தகட்டில் பார்த்திருக்கிறேன்.

மறுபடியும் போன் எடுத்தேன். என்ன எழுதியிருக்கிறதென்று எனக்குத் தெரியாது, நீங்களே வந்து வாசியுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டார்.

நின்றபடியே வாசிக்கத் தொடங்கி, பிறகு கதிரையில் உட்கார்ந்தார். எங்களுக்கு விளங்கவேண்டுமென்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தோள் அகலம். கை நீளம். இடுப்பு. சிவப்பு வெல்வெட் எத்தனை முழம். கடைசி வரிக்கு வந்ததும் குரல் மாறிற்று.

"வலது தோளில் இரண்டு மடிப்பு அதிகம் விடவும். கை உயர்த்திப் பாடுவார்."

குணம் அண்ணை என் பக்கத்தில் வந்து நின்றார். ரொக்கோ தாளைத் தொடாமல், அந்த எழுத்துக்கு மேலே விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவர் பாடவில்லை" என்றார் கடைசியில். "பாடினவனுக்குச் சட்டை தைத்திருக்கிறார். அரங்கில் வேலை செய்தேன் என்றுதான் சொல்லியிருப்பார். மற்றதை நாங்கள் சேர்த்துக்கொண்டோம்."

ஊசித் துளைகளைக் காட்டி, இந்தப் படங்களைத் தையல் மேசைக்கு மேலே குத்தி வைத்துப் பார்த்துத் தைத்திருக்கிறார், ஆனால் அது அச்சில் பெயர் இருந்த பாடகருக்கா, தன் ஊர்ப் பாடகர் வேறு யாருக்குமா என்பது தெரியாது என்று அவரிடம் சொன்னேன். தெரிந்ததை மட்டும் சொல்வதென்று அந்த வாரம் எனக்கு நானே முடிவெடுத்திருந்தேன். அவர் தலையாட்டினார். பிறகு, கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தை இதுவரை குடும்பத்தில் யாருமே கண்டதில்லை என்றார்.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. அவருடைய விருப்பப்படி மாற்போர்டை அகலமாக வெட்டினேன். பாடகரின் பெயர் நாலு படத்திலும் முழுதாகத் தெரியும். மூன்றாவதற்கு மட்டும் பின்பக்கமும் கண்ணாடி. புதுத் தகடு செய்வித்துக் கொண்டுவந்தார். அதே பெயர். அதன்கீழ், 'இப்படங்களைப் பார்த்து நாயகனுக்கு உடை தைத்தவர்'. அந்தத் தகட்டை என் கையால் அடித்தேன்.

குடும்பம் கூடிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவருடைய தமக்கை ஒல்லியான, கறாரான மனுஷி. கதையைக் கேட்டுக் கோபிப்பா என்று பயந்தேன். அவ மூன்றாவது படத்தைச் சுவரிலிருந்து கழற்றுவித்து, பின்பக்கத்தை எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டினா. இரண்டு மடிப்பு என்ற இடத்தில் தன் வலது கையை மேலே உயர்த்தினா. மேசை முழுவதும் கை தட்டியது.

திரும்பி வரும்போது காரில் குணம் அண்ணை, "நீர் அண்டைக்கு என்ரை சொல்லுக் கேட்கேல்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "நல்லதாப் போச்சு" என்றார். அதற்குப் பிறகு பழைய படம் எது வந்தாலும் என் மேசைக்குத்தான் முதலில் வரும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தாளில் இருக்கும் எழுத்து அசிங்கமாக இருந்தாலும், சங்கடமாக இருந்தாலும், அதை மூடி வெட்டாதீர்கள். உரியவருக்குக் காட்டுங்கள். காட்டிவிட்டு வேலையை நிறுத்தாதீர்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். நான் வெட்டிய மாற்போர்டுகளுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றிலும் நன்றாக வெட்டியது எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அந்த நாலையும் சொல்வேன்.