ஏழுக்கு அப்புறம் ஒன்பது

அருள்முருகனை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. நல்ல மனுஷன்மேல் வருகிற கோபம். வாய் விட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம், கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. அதனால் இந்தக் கோபத்தில் பாதி என்மேல்.

சேதராப்பட்டில் கைரேகை மென்பொருள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நாங்கள் வேலை பார்க்கிறோம். மொத்தம் பதினோரு பேர். நாங்கள் செய்வது முழு மென்பொருள் இல்லை, எஸ்.டி.கே. என்கிற ஒரு துண்டு. ஆபீஸில் அதை 'கிட்' என்போம். வருகைப்பதிவு மென்பொருள் எழுதும் மற்ற கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துக்கொள்வார்கள். விரலை வைத்ததும் இது இன்னார் என்று சொல்கிற பகுதி எங்களுடையது. கிட்டில் எதையாவது திருத்தினால், அதற்குப் புது நம்பர் போட்டு எங்கள் சர்வரில் வெளியிடுவது அருள்முருகன் வேலை. வாங்கியவர்களின் கம்ப்யூட்டர் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். போனை எடுத்துத் திட்டு வாங்குவது என் வேலை. என் பெயர் சரிதா, சப்போர்ட்.

அருள்முருகனுக்கு நாற்பத்துநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. நெல்லித்தோப்பில் அக்கா செல்வாம்பாளோடு ஒரே வீட்டில் இருக்கிறார். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் அக்கா இங்கே பாட்டில் கழுவும் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, தம்பியைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தவர். இருபத்தாறு வருஷம் காந்துகிற மருந்துத் தண்ணீரில் ஊறிய கை அது. விரல் நுனியெல்லாம் வழவழவென்று போய், ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அந்தக் கம்பெனியில் கைரேகை மெஷின் வைத்தார்கள். உள்ளே இருந்தது எங்கள் கிட்தான். வாரத்தில் ஒரு நாளாவது செல்வாம்பாள் அக்கா விரலை அது எடுக்காது. எடுக்காத நாளிலும் வேலை வாங்கிக்கொள்வார்கள், கூலியும் கொடுத்துவிடுவார்கள். ஆனால் வருகையில் அந்த நாள் ஏறாது. சூப்பர்வைசரைக் கேட்டால், "மெஷின்ல இல்லையேம்மா, நான் என்ன பண்றது?" என்பார். நோட்டில் கையெழுத்து வாங்குவதை எப்போதோ ஒழித்துவிட்டார்கள்.

போன வருஷம் ஏப்ரலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த மார்ச் முடிவதற்குள் இருநூற்று நாற்பது நாள் வருகை இருக்கிற கான்ட்ராக்ட் ஆட்களைப் பெர்மனென்ட் ஆக்குவார்களாம். மற்றவர்களை நிறுத்திவிடுவார்களாம். செல்வாம்பாள் அக்கா இத்தனை வருஷமும் கான்ட்ராக்ட்தான், வயது ஐம்பத்திரண்டு. இதை விட்டால் வேறு எங்கே போவார்?

அருள்முருகன் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டார். தேய்ந்த விரலையும் அடையாளம் காண்கிற மாதிரி கிட்டைத் திருத்த ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவை ஆபீஸுக்குக் கூட்டி வருவார். அந்தம்மா பெரிய மார்க்கெட்டில் வாங்கிய மல்லிப்பூவை என் தலையில் வைத்துவிட்டுப் போய், ரீடர் முன்னால் உட்கார்ந்து பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பார். "இன்னும் எத்தினி வாட்டிடா?" என்று அலுத்துக்கொள்வார், ஆனால் எழுந்திருக்க மாட்டார். ஆறு மாசம் ஆயிற்று. அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு நூறு தடவை வைத்தார், நூறு தடவையும் எடுத்தது. அக்காவும் தம்பியும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டிச் சிரித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அதுவரை ஏழாம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. இது எட்டு. முதலாளி ஜானகிராமன் நம்பரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"எட்டா? சனியன் நம்பர் அது. வேணாம்ப்பா. ஒம்போதுன்னே போட்டுடு."

அவர் அஷ்டமி, நவமியில் எதையும் வெளியிட விட மாட்டார். கார் நம்பரைக் கூட்டினால்கூட எட்டு வரக்கூடாது. இதில் அவரை மட்டும் சொல்லி என்ன? எங்கள் யாருக்குமே அது விசித்திரமாகப் படவில்லை. என் ஸ்கூட்டி நம்பரை நானும் கூட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். அருள்முருகன் எட்டை அழித்து ஒன்பது என்று போட்டார். நவம்பர் முதல் வாரம், நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி வெளியிட்டோம். லட்டு வாங்கி வந்தது நான்தான். இனி மார்ச் வரை ஒரு நாளும் தப்பாமல் ஏறினால் அக்கா இருநூற்று நாற்பதைத் தாண்டிவிடுவார் என்று அருள்முருகன் காலண்டரில் கணக்குப் போட்டு எனக்குக் காட்டினார்.

அந்த வாரமே அக்கா வீட்டுக்கு வந்து, "இன்னைக்கும் எடுக்கலடா முருகா" என்றாராம்.

"அதெல்லாம் போட்டாச்சுக்கா. கைய நல்லா தொடச்சிட்டு வை."

அக்கா துடைத்துவிட்டு வைத்தார். எடுக்கவில்லை. தம்பி தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார், அக்கா தடவினார். விரலை ஈரமாக்கி வைக்கச் சொன்னார், வைத்தார். வீட்டுப் பாத்திரத்தைத் தொடாதே என்று சொல்லி, அவரே உட்கார்ந்து கழுவினார். அப்படியும் சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. ஜனவரியில் ஒருநாள் பொறுமை போய்க் கத்திவிட்டாராம். "ஆபீஸ்ல நூறு வாட்டி எடுத்துச்சுல்ல? அங்க மட்டும் ஏன் எடுக்காது? ஒழுங்கா அழுத்தி வைக்கத் தெரியலையா உனக்கு?" அதற்கப்புறம் அக்கா சொல்வதையே நிறுத்திவிட்டார். சொல்லாததால் எடுக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கலாம். பத்து நிமிஷ தூரம்! கேட்டால், "அக்காவுக்காக வந்து நிக்கறான்னு சொல்லுவாங்களேம்மா" என்பார். நானும் என்ன செய்தேன்? எங்கள் சர்வர் திரையில் பாட்டில் கம்பெனிக்கு நேரே பச்சைப் புள்ளி எரிந்தது. 'புதுப்பித்த நிலையில் உள்ளது' என்று எழுதியிருந்தது. புதிதாக வாங்கியவர்கள் போன் பண்ணி, பிரமாதம் என்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டு வாங்காத நான், அந்தச் சந்தோஷத்தில் எதையும் கிளறவில்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி பட்டியல் ஒட்டினார்கள். செல்வாம்பாள், இருநூற்று இருபத்தெட்டு நாள். நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் அருள்முருகன் என் மேஜைக்கு வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"சரிதா, உன் வண்டில என்னை அங்க கூட்டினு போறியாம்மா?"

சப்போர்ட் என்று சொல்லி உள்ளே போனோம். மெஷினோடு இணைத்த கம்ப்யூட்டரைத் திறந்தேன். கிட் பதிப்பு ஏழு. ஏழு! புதுப் பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற பொத்தானை அழுத்தினேன். 'புதிய பதிப்பு ஏதும் இல்லை' என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். அதேதான். திரும்பிப் பார்த்தேன், அவர் திரையில் தெரிந்த ஏழாம் நம்பரைத் தொட்டுக் காட்டினார்.

"அது எட்டைத்தான் கேக்கும் சரிதா. நான்தான் அப்படி எழுதி வச்சேன்."

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் நடுவில் ஒரு பதிப்பை விட்டுவிட்டு அடுத்ததைப் போட்டு, எல்லாம் குழம்பிப் போயிற்றாம். இனி யாரும் தாண்டிப் போகக்கூடாது என்று, ஒவ்வொரு கிட்டும் தனக்கு அடுத்த நம்பரை மட்டுமே சர்வரிடம் கேட்கும்படி இவர் எழுதியிருக்கிறார். அப்புறம் மறந்தே போய்விட்டார். தினமும் ஏழு வந்து எட்டைக் கேட்டிருக்கிறது. எட்டு இல்லை. சரி, நம்மிடம் இருப்பதுதான் கடைசி என்று பச்சைப் புள்ளியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அங்கே மட்டுமில்லை, பழைய வாடிக்கையாளர் எல்லோரிடமும் ஐந்து மாசமாக அதே கதைதான்.

ஆபீஸுக்கு வந்ததும் எட்டாம் பதிப்பு என்று ஒன்றை வெளியிட்டார். ஏழில் இருந்ததே அதிலும், புதிதாக ஒன்றுமில்லை. ஒன்பதுக்குப் போக வழி, அவ்வளவுதான். ஜானகிராமன் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். பாட்டில் கம்பெனி மேனேஜரிடம் பேசினால்தான் ஆச்சு என்று அவர் அறையில் நின்று கத்தினேன். பேசினார். தப்பு எங்களுடையது என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார். பட்டியல் தலைமை ஆபீஸுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அன்றைக்கே பதில் வந்தது. பன்னிரண்டு நாள்! அட, மனுஷங்களா!

அடுத்த நாள் சாயங்காலம் அவரோடு நானும் நெல்லித்தோப்பு வீட்டுக்குப் போனேன். தனியாகப் போய்ச் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. செல்வாம்பாள் அக்கா காபி போட்டுக் கொடுத்துவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"கூட வேலை செய்வாளே ஜெயம், அவ போன் பண்ணா. அவ கையும் என் கை மாதிரிதான், அவளுக்குக் கணக்குல நாள் தேறிடுச்சு. இன்னைக்கு மொத வாட்டியே எடுத்துச்சாம். எல்லாருக்கும் எடுக்குதாம். எப்படிடா திடீர்னு?"

அருள்முருகன் சொன்னார். ஏழு, எட்டு, ஒன்பது என்று ஒன்று விடாமல், தலையை நிமிர்த்தாமல் சொன்னார். கடைசியில், "என்னாலதான்க்கா உன் வேலை போச்சு" என்று அழுதார்.

திட்டுவார், அழுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அக்கா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"அப்போ என் கைல தப்பு இல்லையாடா?"

"இல்லக்கா."

"நான் ஒழுங்காத்தான் வச்சிருக்கேன்?"

"ஆமாக்கா."

அந்தம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. "பாத்தியா சரிதா, நான் ஒழுங்காத்தான் வச்சிருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். வேலை போன வீட்டில் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.