கொக்கு நின்றால் ஓடும் படகு

ஆடுகிற தரையில் கால் வைக்கவே மாட்டேன் என்று ஒருத்தி இருபது வருஷம் பிடிவாதமாக இருந்தாள். அப்படிப்பட்டவள் பிழைத்தது எங்கே என்கிறீர்கள்? படகுத்துறையில்! அவள் சாப்பிட்ட ஒவ்வொரு வாய்ச் சோறும் படகு கொடுத்ததுதான்.

ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை. பின்பாதியில் அவள் புருஷன் படகு இன்ஜின்களைப் பிரித்துப் போட்டிருப்பான். முன்பாதியில் இவளுடைய தையல் மிஷின். படகுக்குப் போர்வை, வெயில் மறைப்பு, சீட்டு உறை எல்லாம் இவள் கையால்தான். ஆள் குட்டை, நல்ல பருமன். துறையில் இருந்தவர்கள் 'நூல்கண்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "என்கிட்ட நூலாவது இருக்கு. உங்கள்ல பாதிப் பேர் வெறும் கட்டை" என்பாள். 

புருஷனுக்கும் ஒரு பெயர் உண்டு: கொக்கு. படகில் ஏறினால் அவன் உட்கார மாட்டான். ஒரு காலைப் படகின் அடிப்பலகையிலும் இன்னொரு காலை அதன் விளிம்பிலும் வைத்து, கழுத்தை நீட்டி இன்ஜினுக்குக் காது கொடுத்து நிற்பான். நின்றபடியே ஓட்டுவதற்காக இன்ஜின் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி நீளமாக்கி வைத்திருந்தான். "உட்கார்ந்தா தூக்கம்தான் வரும். நின்னாத்தான் இன்ஜின் பேசுறது கேக்கும்" என்பது அவன் கட்சி.

நூல்கண்டு படகுக்கு அளவெடுப்பது எப்படி? படகைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். இவள் மண்ணில் நின்றபடி டேப்பை நீட்டுவாள். தண்ணீரில் மிதக்கிற படகை எட்ட நின்று பார்ப்பாளே தவிரத் தொடமாட்டாள். அப்படியிருந்தும் அவள் தைத்த உறைக்குள் ஒரு சொட்டு மழை இறங்கியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. இருக்கட்டுமே, கை சுத்தமாக இருந்தால் பெருமை வராதா?

அந்தத் துறையில் ஒரு கணக்கு டீச்சரும் படகு வைத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஏரியை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. படகு சின்னது. பின்னால் தொங்குகிற இன்ஜின், அதை ஒட்டினாற்போல் ஓட்டுகிறவருக்கு அகலமாக ஒரு பின்சீட்டு. சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க்.

ஒரு நாள் டீச்சர் வந்து சொன்னார்: "ஏம்மா, அலை வந்தா அந்த டேங்க் கடகடன்னு ஆடுது. ஒரு வகுப்புப் பிள்ளைங்க மொத்தமும் பெஞ்சைத் தட்டுற மாதிரி இருக்கு. முப்பது வருஷம் கேட்டாச்சு. இனிமேலுமா?"

"விடுங்க டீச்சர், நான் அடக்குறேன்" என்றாள் நூல்கண்டு.

அடக்கித்தான் விட்டாள். தடிமனான ஸ்பாஞ்சை ரப்பர் ரெக்சினில் சுற்றித் தைத்து, சீட்டுப் பலகையின் அடிப்பக்கம் பொருத்தினாள். சீட்டை மூடினால் ஸ்பாஞ்ச் டேங்கின் தலைமேல் அச்சாக உட்காரும். இடையில் நகம் நுழைய இடமில்லை. டேங்க் வாயை மூடிக்கொண்டது. டீச்சர் சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நூற்றுக்கு நூறு" என்றார். நூல்கண்டு இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதற்கப்புறம்தான் படகுக்குக் கிரகம் பிடித்தது.

டீச்சர் ஏரி நடுவே போவார். கால் மணி நேரம் ஓடும். பிறகு இன்ஜின் இரண்டு முறை இருமும், செத்துப்போகும். உட்கார்ந்தபடியே ஸ்டார்ட் கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் உயிர் வராது. துறையிலிருந்து காவல் படகு போய்க் கயிறு கட்டி இழுத்து வரும். கரையில் இருப்பவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். டீச்சருக்கு முகம் கடுகடுவென்று இருக்கும்.

கொக்கு ஸ்பார்க் பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பில்டர் புதுசு, பெட்ரோல் குழாய் புதுசு. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று பாட்டிலில் ஊற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தான். டேங்க் மூடியில் காற்றுக்கென்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதுவும் திறந்துதான் இருந்தது. இன்ஜினைத் தண்ணீர் ட்ரம்மில் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினான். பாட்டுப் பாடுவதுபோல் ஓடியது. படகில் மாட்டி, தானே ஏறி நின்று ஏரியை இரண்டு சுற்று சுற்றினான். ஒரு குறையும் இல்லை.

அடுத்த நாள் டீச்சர் போனார். கால் மணி நேரம். இருமல். சாவு.

நான்காவது தடவை இழுத்து வந்தபோது கொக்குக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "டீச்சர், நான் ஓட்டினா ஓடுது. நீங்க ஓட்டினா நிக்குது. கோளாறு எங்க இருக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

"என்னது? முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவளை நீ கணக்குப் போடச் சொல்றியா? உனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. என் தலையில கட்டாதே!"

டீச்சர் நேரே துறை மேனேஜரிடம் போய்விட்டார். மேனேஜர் அதிகம் பேசாத மனுஷன். கொக்கைக் கூப்பிட்டு நாலே வார்த்தையில் முடித்தார். "ஞாயித்துக்கிழமை காலையில டீச்சரையும் ஏத்திக்கிட்டு அக்கரை போய்த் திரும்பி வா. நீயே ஓட்டு. காவல் படகு போய் இழுத்துட்டு வர மாதிரி ஆச்சுன்னா, கொட்டகைச் சாவியை என் மேஜையில வச்சிடு."

கொட்டகை போனால் இன்ஜின் வேலை மட்டுமா போகும்? முன்பாதி தையல் மிஷினும் தெருவுக்கு வந்துவிடும். சனிக்கிழமை முழுதும் கொக்கு அந்த இன்ஜினையே சுற்றிச் சுற்றி வந்தான். பிளக்கை நாலு முறை துடைத்தான். நூல்கண்டு பார்த்தாள், பார்த்தாள், கடைசியில் சொன்னாள்:

"நாளைக்கு நானும் வரேன்."

"எங்க?"

"படகுலதான்."

அவன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "நீயா? எதுக்கு?"

"உங்க வாய்க்குப் பூட்டு போடத்தான். நீங்களும் அவங்களும் தனியா நடுத்தண்ணிக்குப் போனா, இன்ஜின் நிக்குதோ இல்லையோ, நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு நிப்பீங்க."

மறுநாள் காலை துறையே கூடிவிட்டது. நூல்கண்டு படகில் ஏறுகிறாள் என்றால் சும்மாவா? வெந்நீரில் கால் வைப்பதுபோல் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். டீச்சர் கை கொடுத்தார். "நான் முன்னாடி உக்காந்துக்கிறேன். எதையும் தொட மாட்டேன். கையைக் கட்டிக்கிட்டு வரேன். எல்லாரும் பார்த்துக்கோங்க" என்று கரையைப் பார்த்து அறிவித்துவிட்டு முன்பலகையில் அமர்ந்தார். நூல்கண்டின் உடம்புக்கு இடம் காணுகிற சீட்டு பின்சீட்டு ஒன்றுதான். அதில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு பக்கமும் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொக்கு வழக்கம்போல் ஒற்றைக்கால் தூக்கி நின்றான். ஒரே இழுப்பில் இன்ஜின் பிடித்தது.

படகு போயிற்று. காற்று முகத்தில் அடித்தது. கரையில் இருந்த ஆட்கள் பொம்மை அளவுக்குச் சிறுத்துப்போனார்கள். நூல்கண்டு கண்ணை மூடிக்கொண்டு, தைக்கப் பாக்கியிருந்த உறைகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் எண்ணினாள். பதினாறாவது உறைக்கு வந்தபோது இன்ஜின் இருமியது. இன்னொரு இருமல். அப்புறம் சத்தமே இல்லை.

டீச்சர் கட்டிய கையைப் பிரிக்காமலே திரும்பினார். "நான் தொட்டேனா?"

கொக்கு கைப்பிடியை விட்டுவிட்டுச் சீட்டுப் பக்கம் குனிந்தான். "எழுந்திரு, எழுந்திரு" என்று பெண்டாட்டியை அவசரப்படுத்தினான். "சீட்டைத் தூக்கணும். அடியில பெட்ரோல் குழாய்ல ரப்பர் உருண்டை இருக்கு, அதை அமுக்கி பெட்ரோல் ஏத்தணும்."

"நான் எழுந்திருக்க மாட்டேன்."

"ஏய், விளையாடாத!"

"யார் விளையாடுறது? ஆடுது பாருங்க! எழுந்தேன்னா நேரா தண்ணிக்குள்ளதான். என்ன அமுக்கணுமோ சொல்லுங்க, நான் உக்காந்த இடத்துலேயே அமுக்குறேன்."

தூரத்தில் கரையிலிருந்து காவல் படகு கிளம்புகிற சத்தம் கேட்டது. கொக்கு தலையில் கை வைத்துக்கொண்டான். நூல்கண்டு சீட்டு உறையின் ஓரத்தில் தொங்கிய துணியைத் தூக்கி அடியில் கையை விட்டுத் துழாவினாள். உருண்டை அகப்பட்டது.

"இதுவா உருண்டை? அப்பளம் மாதிரி தட்டையா இல்ல இருக்கு!"

"தட்டையாவா?" என்றான் கொக்கு. "தட்டையா இருக்காதே. நான் எப்பப் பார்த்தாலும் உருண்டையாத்தான் இருக்கும்."

கையை இன்னும் உள்ளே விட்டாள். டேங்க் தட்டுப்பட்டது. அதன் வயிறு இரண்டு பக்கமும் உள்ளே போய் ஒட்டிக் கிடந்தது, பத்து நாள் பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி. நூல்கண்டுக்கு என்னவோ உறைத்தது. பயத்தை மறந்து ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்து, பாரத்தைச் சீட்டிலிருந்து எடுத்தாள். அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பிறகு 'டப்'பென்று டேங்கின் வயிறு வெளியே வந்தது. மறுபடி அழுத்தி உட்கார்ந்தாள். சத்தம் நின்றது. சாய்ந்தாள், மறுபடி மெல்ல 'ஸ்ஸ்'.

சமையல் எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வருமா? நாலு சொட்டு வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டு உள்ளே காற்றை விட்டால்தான் ஒழுகும். அது அவளுக்குத் தெரியாதா? மாதாமாதம் செய்கிற வேலை. மூடியில் இருந்த காற்று ஓட்டையின் மேல் அவளுடைய ஸ்பாஞ்ச் உட்கார்ந்திருந்தது. சீட்டில் ஆள் இல்லாதவரை வாசல் திறந்திருக்கும். ஆள் உட்கார்ந்தால் ரப்பர் அழுந்தி வாசலை அடைத்துவிடும். டீச்சர் உட்கார்ந்து ஓட்டுகிறவர். கொக்கு நின்று ஓட்டுகிறவன். நின்ற படகைக் கரைக்கு இழுத்து வந்தபோதெல்லாம் அவன் செய்த முதல் வேலை சீட்டைத் தூக்குவது. தூக்கிய நிமிஷமே காற்று புகுந்து, கோளாறு ஓடி ஒளிந்துவிடும். அவன் கண்ணுக்கு எப்படிப் படும்?

எவ்வளவு தூரம் யோசித்தாலும் கோளாறு வந்து நின்ற இடம் அவளுடைய ஊசிமுனையில். நூற்றுக்கு நூறு வாங்கிய தையல்.

இப்போது அவள் வாயே திறக்காமல் சீட்டிலிருந்து சரிந்து படகின் அடிப்பலகையில் உட்கார்ந்திருக்கலாம். படகு தன்பாட்டுக்கு ஓடியிருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஒரு சட்டையில் ஒரு தையல் கோணியிருந்தாலும் முழுக்கப் பிரித்துத்தான் மறுபடி தைப்பாள்.

"டீச்சர்" என்றாள். "உங்க மேலயும் தப்பில்ல, இவர் மேலயும் தப்பில்ல. நான்தான் உங்க டேங்க்கோட மூக்கைப் பொத்தி வச்சிருக்கேன்."

இடுப்புப் பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். "என்னங்க, என் கையைப் பிடிங்க" என்று புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, நடுத்தண்ணீரில், ஆடுகிற படகில், முதல்முறையாக எழுந்து நின்றாள். சீட்டைப் புரட்டினாள். மூடிக்கு நேராக ஒரு கையகலம் பார்த்து, ரெக்சினோடு ஸ்பாஞ்சை வெட்டி எடுத்தாள். வெட்டும்போது வலிக்காமல் இருக்குமா? வலித்தது. வெட்டினாள்.

காவல் படகு கயிற்றோடு பக்கத்தில் வந்துவிட்டது. "கயிறு வேண்டாம், போங்கய்யா!" என்று கத்தரியை ஆட்டினாள். "போய் எங்களுக்குக் காப்பி சொல்லுங்க!"

கொக்கு உருண்டையை அமுக்கினான். கெட்டியானது. கயிற்றை இழுத்தான். இன்ஜின் ஒரே உறுமல். நூல்கண்டு சீட்டை மூடி, தன் முழுப் பாரத்தையும் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அக்கரை வந்தது. திரும்பினார்கள். இருமல் இல்லை, தும்மல்கூட இல்லை. பாதி வழியில் டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, சட்டை தைச்சா மூச்சு விட அரை இஞ்ச் விட்டுத்தானே தைப்பே?"

"ஆமாம் டீச்சர். டேங்குக்கும் மூச்சு உண்டுன்னு எனக்கு யார் சொன்னா? கரையில வச்சு, ஆள் உக்காராத சீட்டுக்கு அளவெடுத்தேன். அதான் வினை."

கொக்கு தொண்டையைக் கனைத்தான். "டீச்சர், அன்னைக்கு நான் கொஞ்சம்..."

"கொஞ்சமா?"

"நிறையவே பேசிட்டேன்."

"சரி, நானும் ஒண்ணும் குறைவில்ல. கழிச்சுக்கோ."

கரையில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். "நடுவுல நின்னுச்சே?" என்றார்.

"நின்னுச்சு சார். ஏன் நின்னுச்சுன்னு வந்து பாருங்க" என்று நூல்கண்டு அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் படகில் ஏற்றினாள். வெட்டிய துண்டைப் பழையபடி பொருத்தி, அவரையே சீட்டில் உட்கார வைத்து, இன்ஜினை ஓட விட்டார்கள். கால் மணி நேரத்தில் அவருக்குக் கீழேயே அது இருமிச் செத்தது. துண்டை எடுத்தார்கள். ஓடியது. மேனேஜர் எழுந்து, கால்சட்டையைத் தட்டிக்கொள்ளக்கூட மறந்து, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூடியிருந்த அத்தனை பேரும் விசிலடித்தார்கள்.

அந்தச் சீட்டுக்கு அவள் வேறு அடி தைத்தாள். டேங்க் ஆடாது. மூடிக்கு நேராக ஒரு வட்டம், ஓரம் முழுக்கப் பித்தளை வளையம். டீச்சர் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், ஏரியைச் சுற்றி வந்து பார்த்தார். "தொண்ணூற்றொன்பது" என்றார். "ஒண்ணு எதுக்குக் குறைச்சீங்க?" என்று நூல்கண்டு விடவில்லை. அந்த ஒரு மார்க்குக்காக இன்றைக்கும் இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள்.

கொட்டகையில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. எந்தப் படகைப் பழுது பார்த்தாலும், கொக்கு நின்று ஓட்டிப் பார்த்து 'சரி' என்று சொன்னால் அது பாதிச் சரிதான். படகுக்காரர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "வீட்டம்மா உக்காந்து பார்த்தாச்சா?"

நூல்கண்டு மிஷினை நிறுத்துவாள், கத்தரியைப் பையில் போடுவாள், யார் கையையும் பிடிக்காமல் படகில் ஏறுவாள். பின்சீட்டில் பொத்தென்று உட்கார்ந்து, "இப்ப எடுங்க" என்பாள்.