ஒளித்து வைத்த பீஸ்

அந்தச் சட்டைக் கம்பெனியில் முகத்துக்கு நேராக எல்லோரும் அவளைச் "செக்கரக்கா" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "பூதக்கண்ணாடி". இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டாவது பெயரில்தான் உள்ளூரப் பெருமை.

இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே பார்க்கிற வேலை. தலைக்கு மேல் இரண்டு டியூப்லைட், முன்னால் வெள்ளைத் தாள் விரித்த மேசை, இடது பக்கம் வந்து விழும் சட்டை, வலது பக்கம் போகும் சட்டை. முதலில் காலர், பிறகு பட்டன் பட்டி, கை, கடைசியாக அடிமடிப்பு. தையல் விட்டிருந்தாலோ நூல் தொங்கினாலோ எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ, சுருளிலிருந்து நகக்கண் அளவுச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டை, கம்பெனிப் பேச்சில் "பீஸ்", தைத்தவளிடமே திரும்பிப் போகும். அவள் பிரித்துத் தைத்துத் தர வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. நானூற்றில் நன்றாக இருப்பது எதுவும் செக்கரக்கா கண்ணில் படாது. படவும் கூடாது. நன்றாக இருப்பதைப் பார்க்கவா சம்பளம் கொடுக்கிறார்கள்?

கண் அப்படியே பழகிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், "சார், உங்க பாக்கெட் ஒரு விரல் அளவு எறங்கியிருக்கு" என்று சொன்னவள் அவள். அந்த மனிதர் பாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றார்.

அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுபோனாள். வினை அங்கே பிடித்தது.

வீட்டில் ஒரே மகள். கணவன் லாரி டிரைவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பான், அதில் மூன்று நாள் தூங்குவான். ஆகவே மகளின் படிப்பு முழுக்க அவள் தலையில். அவளே பத்தாவதில் கணக்கை நாலு மார்க்கில் கோட்டை விட்டவள். அந்த நாலு மார்க் இருந்திருந்தால் கண்ணாடி அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்த்திருப்பாள். இல்லாததால் வெளியே நின்று சட்டை பார்க்கிறாள். இதை மகளிடம் சொல்லாத நாள் கிடையாது.

ஆறாவது படிக்கும்போது மகள் ஒரு விடைத்தாளைக் கொண்டுவந்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பிள்ளை முகமெல்லாம் பல்லாக நின்றது. அம்மா கைப்பையைத் துழாவினாள். மிட்டாய் வரப்போகிறது என்று பிள்ளை கையை நீட்டியது. வந்தது ஸ்டிக்கர் சுருள். மார்க் போன நாலு இடத்திலும் நாலு அம்பு. "பாரு, இங்க, இங்க, இங்க, அப்புறம் இங்க. இத மட்டும் சரி பண்ணிட்டா நூறு." நினைத்தால் கோபம்தான் வருகிறது. ஆனால் பிள்ளைக்கு உதவி செய்கிறோம் என்றுதான் அவள் மனதார நம்பினாள், அதையும் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து எல்லா விடைத்தாளிலும் அம்பு. பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் கையெழுத்து, மற்ற இடமெல்லாம் அம்பு, அப்படியே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகும். எட்டாவதில் ஒரு டியூஷன், ஒன்பதாவதில் இரண்டு. பிள்ளை பராக்குப் பார்க்கிறது என்று ஜன்னலோரம் இருந்த படிக்கும் மேசையைச் சுவரோரம் தள்ளினாள். மார்க் என்னவோ இறங்கிக்கொண்டே போயிற்று. தொண்ணூறு எண்பதாகி, எண்பது அறுபதாகி, பத்தாவது அரையாண்டுக் கணக்குத் தாள் வெறும் வெள்ளையாக வந்தது. நாலு பக்கம், ஒரு எழுத்து இல்லை. எங்கே ஒட்டுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் முதல் பக்கத்தின் நட்டநடுவில் ஒரு அம்பை ஒட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். செக்கரக்கா அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள்.

அறையின் சுவரில் ஒரு பெரிய பலகை. வருஷவாரியாகத் தங்க எழுத்தில் பொதுத்தேர்வுத் தேர்ச்சி சதவீதம்: நூறு, நூறு, நூறு, ஆறு வருஷமாக நூறு. அதற்குக் கீழே தலைமையாசிரியை. எதிர் நாற்காலியின் நுனியில் அம்மா. பக்கத்தில் மகள், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சுத்தி வளைக்க விரும்பலம்மா. உங்க பொண்ணு பேர பொதுத்தேர்வு லிஸ்ட்ல அனுப்பப்போறதில்ல. டி.சி. வாங்கிட்டு வெளிய போய்த் தனித்தேர்வரா எழுதட்டும். இதுல ஒரு கையெழுத்து போட்டுருங்க."

'என் சொந்த விருப்பத்தின் பேரில் என் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன்' என்று அச்சடித்த கடிதம் தயாராக இருந்தது. பிள்ளையின் பேரை எழுத மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"இன்னும் மூணு மாசம் இருக்கே மேடம். நான் படிக்க வெச்சுருவேன்."

தலைமையாசிரியை ஒரு ஃபைலைத் திறந்து மேசைமேல் திருப்பி வைத்தார். "நாங்க என்ன புதுசாவா சொல்றோம்? நீங்களே ஒட்டி அனுப்பிச்சிருக்கீங்களே."

பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. இத்தனை வருஷத்து அம்புகளும் ஒன்றுவிடாமல் இருந்தன. கடைசியில் அந்த வெள்ளைத் தாள்.

"பொண்ணு தேறாதுன்னு பெத்தவங்க உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அப்புறம் எங்கள என்ன பண்ணச் சொல்றீங்க?"

செக்கரக்காவுக்கு முகம் எரிந்தது. பெற்ற பிள்ளைக்கு எதிராகத் தன் கையாலேயே சாட்சி தயாரித்துக் கொடுத்திருக்கிறாள், அதுவும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தோடு. பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள். அவமானத்தில் போட்டும் இருப்பாள். அதற்குள் தலைமையாசிரியை வாயைக் கொடுத்துவிட்டார்.

"சீக்கிரம் போடுங்கம்மா. அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன். அதுக்குள்ள லிஸ்ட கிளியர் பண்ணணும்."

பேனா நின்றது. இன்ஸ்பெக்ஷன் என்றால் என்னவென்று அவளுக்கா தெரியாது? சட்டை வாங்குகிற கம்பெனியின் ஆள் வருகிற காலையில் சூப்பர்வைசர் தலைதெறிக்க ஓடி வருவான். அம்பு ஒட்டிய மூட்டைகளெல்லாம் மாடிப்படிக்கு அடியில் போகும். வந்தவர் பத்துச் சட்டையைப் புரட்டிப் பார்ப்பார், பத்தும் பத்தரைமாற்றுத் தங்கமாக இருக்கும், கைகுலுக்கிவிட்டுப் போவார். அந்த மூட்டைகளை இருபத்திரண்டு வருஷமாக இழுத்துத் தள்ளுகிறவளே அவள்தான். பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு நூறு.

"இந்தக் கடிதாசில கையெழுத்து போடச் சொல்லி எத்தன பேரக் கூப்பிட்டீங்க மேடம்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"ஏழு பேர்" என்றாள் மகள். அந்த அறையில் அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

செக்கரக்கா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"அம்பு எதுக்கு ஒட்டுவாங்க தெரியுமா மேடம்? தூக்கிப் போடறதுக்கு இல்ல. தச்சவங்க பிரிச்சுத் திருப்பித் தைக்கணும்னு ஒட்டறது. அத பெத்த பொண்ணோட தாள்ல ஒட்டினேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும். ஆனா இத்தன வருஷமா இதெல்லாம் உங்க அலமாரிலதானே இருந்துது? ஒரு டீச்சராவது கூப்பிட்டு, ஏம்மா ஒனக்குப் பைத்தியமான்னு கேட்டாங்களா? இவள உக்கார வெச்சு இந்தக் கணக்க இன்னொரு தடவ சொல்லிக் குடுத்தாங்களா? பத்திரமா ஃபைல் போட்டு வெச்சிருக்கீங்க. இது உங்க தையல் மேடம். பிரிங்க, திருப்பித் தைங்க. மாடிப்படிக்கு அடியில தள்றதுக்கு நான் கையெழுத்து போடமாட்டேன்."

"இது பள்ளிக்கூடம். உங்க சட்டைக் கம்பெனி இல்ல."

"எங்க கம்பெனி தேவல. ஒளிச்சு வெச்சது மறுநாள் வெளிய வந்துரும்." அவள் எழுந்தாள். "இவ பேரு லிஸ்ட்ல வரலேன்னா, இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க முன்னாடி நானே வந்து நிப்பேன். தனியா இல்ல, மத்த அம்மாக்களையும் கூட்டிட்டு."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். மகள் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். மகள் சைக்கிள் ஸ்டாண்டருகே நின்றுவிட்டாள்.

"நல்லா பேசினம்மா. ஆனா நான் பீஸ் இல்ல."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுடி."

"பேச்சுக்கு இல்ல. நீ அப்படித்தான் பாக்கற. நீ ஒட்டுவ, அவங்க பிரிச்சுத் தைக்கணும்னா, நான் என்ன துணியா?"

"அப்ப ஏண்டி தாள வெள்ளையா குடுத்த? ஒண்ணுகூடவா தெரியல?"

"பாதி தெரியும். எழுதினா ஒட்டுவ. எழுதலேன்னா ஒட்ட எடமே இருக்காதுன்னு பாத்தேன். அதுலயும் கரெக்டா நடுவுல ஒண்ணு ஒட்டின பாரு!"

மகள் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அம்மாவால் சிரிக்க முடியவில்லை.

"பரிட்ச எழுதறேன்" என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த ஸ்கூல்லேர்ந்தே எழுதறேன். ஆனா என் பரிட்ச, என் தாள், என் மார்க். நீ பாக்கக் கூடாது. கேக்கவும் கூடாது."

"மார்க்கு எவ்ளோன்னுகூடக் கேக்கக் கூடாதா? பெத்தவடி நான்!"

"கேக்கக் கூடாது. முடியாதுன்னா இப்பவே சொல்லு. உள்ள போய் அந்தக் கடிதாச வாங்கி நானே கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு, பரிட்சையும் எழுதாம வீட்ல உக்காந்துக்கறேன். அப்ப யார என்ன பண்ணுவ?"

மிரட்டல்தான். தான் உள்ளே பேசிய அதே தொனியில் மகள் பேசுகிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. பல்லைப் பிடுங்கினாற்போல ஒரு "சரி" வெளியே வந்தது.

பேர் லிஸ்டில் போயிற்று; போகாமல் எங்கே போகும்? ஏழு பேரில் இரண்டு வீட்டார் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் எழுதினார்கள். கம்பெனியில் அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு மூட்டையை இழுக்கச் சொன்னபோது, "முதுகு பிடிச்சிருக்கு தம்பி" என்று செக்கரக்கா அசையாமல் நின்றாள். சூப்பர்வைசரே இழுத்துத் தள்ளினான்.

வீட்டில்தான் அவள் பாடு திண்டாட்டம். மகள் ஒரு டியூஷனை நிறுத்தினாள், ஒன்றை வைத்துக்கொண்டாள். எதை, ஏன் என்று கேட்க வாய் துடித்தது. ஒருநாள் கை தானாக மகளின் பைக்குள் போய்விட்டது.

"என்ன தேடற?"

"பேனா."

"கையிலயே வெச்சிருக்கியே."

லாரிக்காரன் போனில், "என்ன, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு? யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

ரிசல்ட் வந்த அன்று கம்பெனி ஆபீஸ் போன் அடித்தது. வேலை நேரத்தில் சொந்த போன் வைத்துக்கொள்ள அங்கே அனுமதியில்லை. "அக்கா, ஒங்க பொண்ணு!" என்று சூப்பர்வைசர் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினான். பார்த்துக்கொண்டிருந்த சட்டையோடு ஓடினாள்.

"அம்மா, பாஸ். எல்லாத்துலயும்."

எவ்வளவு என்ற வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. கேட்கிறாளா என்று அந்தப் பக்கம் மகள் காத்திருக்கிறாள். செக்கரக்கா கையிலிருந்த சட்டையை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரிடி" என்றாள். "சந்தோஷம்."

மகள் ஒரு பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "வெக்கறேம்மா" என்று வைத்துவிட்டாள்.

"எவ்ளோக்கா?" என்றான் சூப்பர்வைசர்.

"பாஸ்."

"அது சரி. மார்க்கு எவ்ளோ?"

"தெரியாது. கேக்கல."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நாலு மெஷின் நின்றது. "கேக்கலயா? ஒரு நூல் தொங்கினா விடமாட்டீங்க, சொந்தப் பொண்ணு மார்க்கக் கேக்கலயா? என்ன செக்கரக்கா நீங்க?"

"எட்டு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும்தான் தம்பி நான் செக்கர்" என்றாள் அவள், நின்ற மெஷின்களுக்கெல்லாம் கேட்கும்படியாக.