செங்கோட்டைக்கு ஒரு போன்

நிறுவன வரைபடத்தில் முதலாளிக்கு ஒரு கட்டம் உண்டு, மேலாளருக்கு உண்டு, லாரிக்குக்கூட உண்டு. போன் எடுக்கும் பெண்ணுக்குக் கிடையாது. அந்தக் கட்டங்களை வரைவதே என் தொழில். திட்டக் கூட்டங்களில் உட்கார்ந்து நொந்தவர்களே, இது உங்களுக்காக.

படம் போட்ட பாடம்

பாவூர்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் நிறுவனமொன்றில் திட்ட அலுவலராகச் சேர்ந்த புதிது. தொடக்கத்தில் நேரும் மிகச் சிறிய மாறுதல் ஓர் அமைப்பையே நிலைகுலைக்கும் என்ற ஒழுங்கின்மைக் கோட்பாட்டைத் திரையில் விளக்கினேன். மேலாளர் தலையாட்டினார். சுமையேற்றும் மாடசாமி அண்ணாச்சி மட்டும் கேட்டார்: "ஒருத்தன் டீ குடிக்கப் போனா மொத்த லோடும் நிக்குது. இதுக்கு எதுக்கு மேடம் இம்புட்டுப் படம்?"

வீண் அழைப்பு

முன்னறையில் போன் எடுப்பவள் செல்வி. பள்ளிக்குப் போகும் மகளை அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்தாள். தினமும் காலையில், கேரளத்துக்கு ஏறும் மலையடிவாரத்துச் செங்கோட்டை டீக்கடைக்குப் போன் போட்டு மலைப்பாதை எப்படி என்று விசாரிப்பாள். நெரிசல் என்றால் தக்காளி லாரியை முதலில் கிளப்பச் சொல்வாள், சீக்கிரம் அழுகாத சேனைக்கிழங்கு காத்திருக்கும். யாரும் அவளுக்கு இட்ட வேலையல்ல. ஆகவே என் அறிக்கையில் அதை வீண் அழைப்பு என்று எழுதினேன். லாரிகளின் வரிசையைக் கணினி முடிவு செய்யும், முன்னறைக்கு ஆள் தேவையில்லை என்றும் எழுதினேன்.

விடைபெறும்போது செல்வி அழவில்லை. "நான் போறது இருக்கட்டும்க்கா. காலையில செங்கோட்டைக்கு மட்டும் ஒரு போன் போட்டுருங்க."

போடவில்லை.

மழை

குற்றால அருவியில் குளிக்கத் தடை விதித்த நாள் அது. மலைப்பாதையில் மரம் சாய்ந்து, ஒவ்வொரு லாரியாக ஊர்ந்தது. கணினி சொன்னபடி கிழங்கு முன்னே போயிற்று. தக்காளி பின்னே நின்று அழுகியது. கேரள வியாபாரி வேறிடத்தில் சரக்கெடுத்தார். அதைச் சரிசெய்ய ஒரு விதி போட்டேன், அந்த விதியைச் சரிசெய்ய இன்னொன்று. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வேலையைவிட்டு நின்றுகொண்டார்கள். கடைசியாக மிஞ்சியவர் சொன்னார்: "சேனைக்கிழங்கு பத்திரமா போயிட்டு மேடம். தக்காளியத்தான் வாளியில மோந்து கொண்டாரணும்."

கட்டம்

பிழை என்னுடையது, செல்வியைத் திரும்ப அழைத்து வரைபடத்தில் ஒரு கட்டம் கொடுங்கள் என்று கூட்டத்தில் சொன்னேன். அறிக்கை தப்பென்று ஒப்புக்கொண்டால் அடுத்த அறிக்கையை யார் நம்புவார்கள் என்று மேலாளர் முடித்துவிட்டார். தென்காசித் துணிக்கடையொன்றில் அவளைக் கண்டுபிடித்து, உனக்கொரு கட்டம் கேட்டேன், தரவில்லை என்றேன்.

செல்வி சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "கட்டம் எனக்கு எதுக்குக்கா? உக்கார ஒரு நாற்காலி இருந்துச்சு. அதத்தான எடுத்துட்டிய."

அவள் திரும்பி வரவில்லை. நாள் முழுக்க அந்தக் கடையிலேயே நிற்கிறாள், நான் வேறொரு நிறுவனத்தில் உட்கார்ந்து கட்டம் வரைகிறேன்.