தலைவாசல் படி

அப்பாவைக் கடலூரில் முதியோர் இல்லத்தில் சேர்த்தது 2008-ல். வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. சிதம்பரத்தில் எங்களுக்கு மாடி வீடு. அந்தச் செங்குத்துப் படிக்கட்டில் எனக்கே மூச்சு வாங்கும்.

இல்லத்தின் முதலாளி முதலில் காட்டியது கக்கூஸைத்தான். உட்காரும் பீங்கான், சுவரில் எவர்சில்வர் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ். குறையே சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குள் கக்கூஸ் ஆகாதென்று அதை வாசல் ஓரமாகக் கட்டியிருந்தார். அறையிலிருந்து அங்கே போக, இல்லம் நடந்த அந்தப் பழைய வீட்டின் தலைவாசலைத் தாண்ட வேண்டும். தேக்குப் படி, ஒரு சாண் உயரம், வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளும் குங்குமமும்.

அப்பாவுக்கு மிஞ்சியிருந்த கௌரவம் ஒன்றுதான், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது. இழுத்துக்கொண்ட காலை வலது கையால் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார்.

"படிய மிதிச்சி எறங்குங்களேன்பா" என்றேன்.

"மகாலச்சுமி ஒக்கார்ற எடம். மிதிக்கச் சொல்றியே, நீயெல்லாம் வெளங்குவியா?"

ஒரு நாள் விழுந்தார். எலும்பு தப்பியது. அதற்கப்புறம் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். குடித்தால் போக வேண்டுமே.

படிமேல் ஒரு சாய்வுப் பலகை போடச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சினேன்.

"பலகையப் போட்டா ஆளாளுக்கு ஏறி மிதிப்பாங்கம்மா. அப்புறம் லச்சுமி தங்குமா? டயப்பர் கட்டிவுட்டா போச்சி."

கட்டிவிட்டார்கள். மறுவாரம் நான் இருக்கும்போதே ஆயா கூடத்துக்கே கேட்கிற மாதிரி, "பெருசு, நனைச்சிட்டியா?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவர், நான் கிளம்பும்வரை திரும்பவில்லை. முதலாளி மேல் வந்த ஆத்திரத்துக்குக் குறையாமல் அப்பா மேலும் வந்தது. அந்த லட்சுமி இவருக்கு என்னத்தைக் கொட்டிக் கொடுத்தாள்?

சிறுநீரில் கிருமி சேர்ந்து, கோடையைத் தாண்டாமல் செத்துப்போனார். ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரைத் தலைவாசல் வரை தள்ளி வந்து, படிக்கு மேல் தூக்கக் கை கொடுக்கச் சொன்னார். பிணத்தைத் தொட ஒருவரும் வரவில்லை.

முதலாளி உள்ளே பார்த்துக் கத்தினார். "அந்தப் பலகைய எடுத்தாந்து போடுங்கப்பா!"

கொண்டுவந்தார்கள். படியின் உயரத்துக்கு அளவெடுத்து, இரண்டு பக்கமும் சாய்வாகச் செய்த பலகை. வழுக்காமலிருக்க ரப்பர்கூட ஒட்டியிருந்தது.

"இது எப்பலேர்ந்து சார் இருக்கு?"

"மொதல்லேர்ந்தே இருக்கும்மா. இதுக்குன்னே செஞ்சி வச்சது."

அவர் கழுத்தைப் பிடிக்கத்தான் கை வந்தது. அதற்குள் ஸ்ட்ரெச்சர் உருண்டுவிட்டது. படியில் கால் படாமல் அப்பா வெளியே போனார்.