மைக்கில் சொன்னது அந்த அக்காதான்

குரலை எல்லோருக்கும் தெரியும், முகத்தை யாருக்கும் தெரியாது. அப்படியொரு தொழில் என்னுடையது. பதுளையிலிருந்து பசறைக்கோ பண்டாரவளைக்கோ போகும்போது, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, முந்தவும் வழியில்லாமல் வளைவுக்கு வளைவு ஊர்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என்னைச் சகித்துக்கொண்டவர்தான். அதில் ஓடியது பெரும்பாலும் என் குரலாகத்தான் இருக்கும்.

பதுளை நகரில் சலீம் நானாவின் மைக் செட் கடைக்குப் பின்னால், சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த ஒரு சின்ன அறை இருக்கிறது. அதுதான் எங்கள் ஸ்டூடியோ. மின்விசிறி போட்டால் அதன் சத்தம் பதிவில் விழும் என்பதால் மழைக்காலத்திலும் உள்ளே வியர்க்கும். தேர்தல் காலத்தில் வியர்த்தது மட்டும் வேறு வகை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சாவும் சேலையும்

இந்தத் தொழிலில் ஒன்றுக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொள்ள முடியாது. காலையில் அப்புத்தளைப் பக்கம் ஒரு மரண அறிவித்தல், பிற்பகலில் பண்டாரவளையில் சேலை மலிவு விற்பனை, இரண்டுக்கும் இருப்பது இந்த ஒரே தொண்டைதான். மரண அறிவித்தலை மட்டும் பதிவதற்கு முன் பலமுறை வாசித்துப் பார்ப்பேன். பெயர், யாருடைய மகன், யாருடைய தகப்பன், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், இதில் ஒன்று பிசகினாலும் அந்தக் குடும்பத்துக்கு ஆயுசுக்கும் மனக்குறை. அதனாலோ என்னவோ, நான் மைக்கில் சொல்லிவிட்டால் அது நடந்துதான் இருக்கும் என்று தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் நம்பிவிடுகிறார்கள்.

ஒரு நாள் பஸ்ஸில் கண்டக்டரிடம் "பசறை ஒண்ணு" என்றேன். நான் பேசியது அவ்வளவுதான். முன் சீட்டில் இருந்த அம்மா முழுசாகத் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே எங்க மாமா செத்தத மைக்ல சொன்னீங்க? அவரு உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் அவரு பேர இவ்வளவு மரியாதையா சொன்னதில்ல புள்ள."

தண்ணீர்த் தொட்டி

பிரதேச சபைத் தேர்தல் வந்தால் எங்கள் கடையில் எல்லாக் கட்சியும் ஒரே மர வாங்கில் உட்கார்ந்திருக்கும். யாருடைய விளம்பரமானாலும் வாசிப்பேன். புகழ்ச்சி வாசிப்பேன், வாக்குறுதி வாசிப்பேன், திட்டுவதையும் வாசிப்பேன். ஒரு தடவை பழைய உறுப்பினர் ஒருவரைப் பற்றி, "தோட்டத்துக்குத் தொட்டி கட்டினார், திறப்பு விழா வைத்தார், பெயர்ப்பலகை வைத்தார், தண்ணீர் மட்டும் வைக்க மறந்துவிட்டார்" என்று எழுதி வந்தார்கள். எனக்கே சிரிப்பு வந்து இரண்டு தடவை பதிவு கெட்டுப்போனது.

அந்த உறுப்பினர் மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். இத்தனை வருஷம் பழகிய நான் இப்படிச் செய்யலாமா என்று ஒரே சத்தம். "தொட்டியில தண்ணி இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டேன். சலீம் நானா கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தண்ணி இல்லதாம்மா. அதுக்காக இவ்வளவு சத்தமாவா சொல்றது?"

வெட்டியதும் மிஞ்சியதும்

தொட்டி விஷயம் சுலபம். சிக்கலானதும் வரும். ஒரு வேட்பாளர் தோட்டத்து மதுக்கடையை மூடுவேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். அந்தக் கடையே அவருடைய மனைவி பெயரில்தான் இருந்தது. எதிராளிகள் எழுதி வந்த விளம்பரத்தில் அது ஒரு வரி. அவர் தினமும் குடித்துவிட்டு வீட்டு வாசலில் விழுகிறார் என்பது அடுத்த வரி. முதல் வரியை வாசித்தேன். அடுத்ததை வெட்டினேன். "அவரு குடிக்கிறது உண்மைதானே?" என்று எழுதியவர் பாய்ந்தார். உண்மைதான், பசறை டவுனுக்கே தெரியும். ஆனால் கடையை மூடுகிறேன் என்று ஊருக்குச் சொன்னார், அதனால் கடையைப் பற்றி ஊர் கேட்கலாம். வாசலில் விழுந்தவரைத் தூக்கிப் படுக்க வைக்கிறவர்கள் ஓட்டுக் கேட்கவில்லையே. அவர்களை ஏன் மைக்கில் இழுக்க வேண்டும்?

கோடு எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு முறையும் எனக்குச் சரியாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன். சில நாள் ஒரு வரிக்காக மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் குடி வரியை வெட்டிய அன்றைக்கு அவர்கள் கோபித்துக்கொண்டு போன பிறகு சலீம் நானா தலையைச் சொறிந்தார். "இப்பிடியே வெட்டிக்கிட்டுப் போனா கடைசில 'அன்பான வாக்காளப் பெருமக்களே' மட்டும்தான் மிஞ்சும் தங்கச்சி."

வேறு குரல்

போன தேர்தலில் பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து தெய்வானை என்ற பெண் நின்றார். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, சில வருஷம் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து, லயத்துக்குத் திரும்பி வந்தவர். அந்த லயங்களிலிருந்து ஒரு பெண் தேர்தலில் நிற்பது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கூட்டம் கூடத் தொடங்கியதும் எதிர்த்தரப்பு அமைப்பாளர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். "வெளிநாட்டில் இவர் எப்படி இருந்தார் என்று யாருக்குத் தெரியும்? கட்டிய புருஷன் ஏன் விட்டுப் போனான்? உங்கள் வீட்டுப் பெண்கள் இவரைப் பார்த்தா வளர வேண்டும்?" எல்லாம் கேள்விதான். பொய் சொன்னார்கள் என்று யாரும் பிடித்துவிட முடியாத மாதிரி, கெட்டிக்காரத்தனமாகக் கேட்ட கேள்விகள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முடியாது என்றேன். "எழுதினது நாங்க, நீங்க சும்மா வாசிக்கிறீங்க, இதுல உங்களுக்கு என்னம்மா?" என்றார். லயத்தில் யாரும் கட்சி சொன்னது என்று சொல்லமாட்டார்கள், அந்த அக்கா சொன்னாங்க என்றுதான் சொல்வார்கள் என்றேன். அந்தப் பெண் சபைக்குப் போய்ச் செய்யப்போவதைப் பற்றி எழுதி வாருங்கள், எவ்வளவு காரமாக இருந்தாலும் வாசிக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கோபமே இல்லை, சிரித்தபடிதான் எழுந்தார். "ஊர்ல வேற குரலா இல்ல?"

நான் பேசாத பேச்சு

ஆட்டோ ஓட்டும் மகேஸ் எங்கள் கடை ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு போகிறவன். ஒரு நாள் காலை பசறையிலிருந்து போன் எடுத்து, "அக்கா, நீங்க எங்க இருக்கீங்க? இங்க ஒரு வண்டியில நீங்க பேசிக்கிட்டுப் போறீங்க" என்றான். போனை ஸ்பீக்கர் பக்கம் பிடிக்கச் சொன்னேன். அதே தாள், அதே கேள்விகள், என் குரல். "அன்பான" என்பதை நான் இழுக்கிற இழுப்புகூட அப்படியே இருந்தது. மூச்சு வாங்குகிற இடம் மட்டும் எங்கேயும் இல்லை. பழைய பதிவுகளைக் கொடுத்தால் அதே குரலில் எதையும் பேசிக் கொடுக்கும் ஆப் போனிலேயே வந்துவிட்டது என்று சலீம் நானா விளக்கினார். நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், கடை வாங்கில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன்.

தெய்வானையின் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினேன். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, "ஹலோ" என்றதுமே குரலைக் கண்டுகொண்டார். அது நான் இல்லை என்று எப்படியெல்லாமோ சொன்னேன். கேட்டுவிட்டு அவர் மகளைப் பற்றிச் சொன்னார். ஓ.எல். பரீட்சை எழுதப் போகிற மகள், அந்த வண்டி லயத்துக்கு வந்ததிலிருந்து மூன்று நாளாக ஸ்கூலுக்குப் போகவில்லையாம், அம்மா முகத்தையே பார்க்கவில்லையாம். "கட்சிக்காரங்க சொன்னா அவ நம்பியிருக்க மாட்டா. தாத்தா செத்தத சொன்ன குரல்லயே சொன்னா, புள்ள என்னங்க பண்ணுவா?"

பெரட்டுக் களம்

பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். தேர்தல் அலுவலகத்திலும் வாங்கிக்கொண்டார்கள். விசாரிக்கிறோம் என்றார்கள், ஆனால் வாக்களிப்புக்கு முன்பா பின்பா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மறுப்பு ஒன்றைப் பதிவு செய்து மகேஸின் வண்டியில் ஓடவிடலாம் என்றார் சலீம் நானா. உட்கார்ந்து மைக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு வண்டியில் நான் திட்டுகிறேன், இன்னொரு வண்டியில் நானே அது நானில்லை என்கிறேன். கேட்கிறவர்கள் எந்த என்னை நம்புவார்கள்?

அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு நேரத்துக்குத் தெய்வானையின் தோட்டத்துக்கே போனேன். ஓட்டுக் கேட்க வரவில்லை, என் பேரைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று சொன்னதும் கங்காணி கொஞ்ச நேரம் ஒதுக்கிக் கொடுத்தார். மைக் இல்லாமல் கூட்டத்தின் முன் நின்றது அதுதான் முதல் தடவை. என் குரல் இவ்வளவு சின்னது என்று எனக்கே தெரியாது. "சத்தமா பேசுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். நான் அவர்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன். "நீங்க இவ்வளவு காலம் கேட்ட குரல் இந்த வாயிலேர்ந்து வந்ததுதான். தெய்வானையைப் பத்தின பேச்சு இந்த வாயிலேர்ந்து வரல. என்னைக் கேட்டாங்க, நான் மாட்டேன்னுட்டேன். அதனால மிசின வச்சுப் பேச வச்சாங்க" என்றேன்.

கொழுந்து பறிக்கப் போக இடுப்பில் படங்குத் துணி கட்டிய ஒரு பெண் என் எதிரே வந்து நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நானும் வெளிநாடு போயி வந்தவதான், இந்தா நிக்கிறாளே இவளும்தான். நீங்க சொல்லலைங்கறது சரி. அந்தப் பேச்சே தப்புன்னு சொல்லுவீங்களா?"

சொன்னேன். அன்றைக்கு நான் பேசியதில் "தப்பு" என்ற அந்த ஒரு வார்த்தைதான் பின்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். தோட்டத்தின் மற்ற டிவிசன்களுக்கும் அதற்கடுத்த காலைகளில் இப்படியே போனேன், எல்லா இடத்திலும் அதையே முதலில் சொன்னேன்.

அந்த இன்னொரு வீடு

பிரசாரம் முடிவதற்கு முன் தெய்வானை மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அந்தப் பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது, எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. தெய்வானை நேராக விஷயத்துக்கு வந்தார். எதிர் வேட்பாளருக்குப் பண்டாரவளையில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. பெயர், ஊர், எல்லாம் அவரிடம் இருந்தது. "இது பொய்யில்லக்கா. நீங்களே விசாரிச்சுக்கங்க. இத இப்ப உங்க குரல்ல சொல்லுங்க" என்றார்.

எனக்கும் ஆசைதான். இல்லை என்று எதற்கு மறைக்க வேண்டும்? சலீம் நானாவும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் மாட்டேன் என்றேன். தெய்வானைக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு என்ன? உங்க புள்ளையா அழுதிச்சு?" என்று கேட்டார். "அந்த வீட்டுலயும் ஸ்கூல் போற புள்ளைங்க இருக்குந்தானே" என்றேன். மூலையில் இருந்த பிள்ளை அப்போதுதான் தலையைத் தூக்கியது.

தெய்வானை எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பதிலாக, "அப்ப நான் என்னதான் சொல்றது?" என்றார். உங்களைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விக்கு உங்கள் வாயாலேயே பதில் சொல்லுங்கள் என்றேன். என் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். கதவைச் சாத்தாமலே பதிந்தோம். முதல் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டார். இரண்டாம் தடவை சொன்னார்: "நான் தெய்வானை. நான் வெளிநாட்டுல வீட்டுவேலை செஞ்சேன். பாத்திரம் கழுவினேன், அடுத்தவங்க புள்ளைங்கள வளத்தேன். அந்தச் சம்பளத்துலதான் எம்மக படிக்கிறா. சபைக்குப் போனா, வேலைக்குப் போறப்ப நம்ம புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளக் காம்பராவுக்குக் கூரை கேப்பேன், லயத்துக்கு ரோடு கேப்பேன்." அவ்வளவுதான். எதிராளியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பதிவைப் போட்டுக் கேட்டோம். பாத்திரம் கழுவிய இடத்தில் மட்டும் அவர் குரல் உள்ளே போயிருந்தது. பரவாயில்லை, இப்படியே விடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மகள் எழுந்து அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "பாத்திரம் கழுவினேன்னு சொல்றத இன்னும் சத்தமா சொல்லுங்கம்மா."

அந்தத் தேர்தலில் தெய்வானை கொஞ்ச வாக்குகளில் தோற்றார், நான் பாதி வாடிக்கையாளர்களை இழந்தேன், மீதிப் பாதிப் பேர் இப்போதெல்லாம் தாளை நீட்டுவதற்கு முன்பு எனக்குப் பயந்து அவர்களே இரண்டு வரியை அடித்துவிட்டுத் தருகிறார்கள்.